பழையகோட்டை மந்தையும் நமது கடமையும்

நம் குடியில் முதன்முதல் இம்மண்ணைத் திருத்தியவர் யார் என்று வினவினால், பாட்டனார் பெயருக்கு மேல் சொல்ல வல்லவர் நம்மில் மிகச் சிலரே. பெயர் மறைவது உலக இயல்பு. ஆனால் அவர்கள் உண்டாக்கி வைத்த செல்வம் நம் கையில் அழிவது நம் குற்றமேயாகும்.

ஒட்டன்சத்திரம், பழனி, வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஒரு காலத்தில் ஏர் உழுததும், ஆழ்கிணறுகளில் கவலை இறைத்ததும், பாரவண்டி இழுத்ததும் காங்கேயம் காளைகளே. அவ்வினத்தைச் சீர்ப்படுத்தியதில் தலைசிறந்த பெயர் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாருடையது. அவர் செய்தது மாயம் அன்று. நல்ல பசுக்களைப் பொறுக்கி, தேர்ந்த பொலிகாளைகளை மட்டுமே மந்தையில் சேர்த்து, பொறுமையுடன் இனத்தைப் பேணினார். செந்நிறமாகப் பிறக்கும் கன்று ஆறு மாத அளவில் மயிலையாக மாறும். ஆனால் அதன் உழைப்பின் தரம் தெரியப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

அம்மந்தைக்கு ஆதாரம் கொரங்காடு. கொழுக்கட்டைப் புல் தரையை மூட, இடையிடையே வெள்வேல மரம் நிழலும் நெற்றும் தர, சுற்றிலும் கிளுவை வேலி நிற்கும். 1874ஆம் ஆண்டில் அமெரிக்க இல்லினாய் நாட்டு உழவர் ஜோசப் கிளிடன் முட்கம்பி வேலிக்குக் காப்புரிமை பெற்றார். மரமற்ற அச்சமவெளியில் குடியேறிய உழவர்க்கு அது பேருதவியாயிற்று. நம் முன்னோரோ கிளுவைப் போத்தை நட்டு, காசு செலவின்றி உயிர்வேலி கண்டனர்.

இன்று காளையின் வேலையை டிராக்டரும் மின்மோட்டாரும் செய்கின்றன. கலப்பினப் பசு மிகுதியாகப் பால் தருகிறது. கடன் தவணை செலுத்த வேண்டிய அங்கத்தினர் அதனை நாடுவதைக் குறை கூற இயலாது. எனினும் வேலி அழிந்து கொரங்காடு வீட்டுமனையாகிவிட்டால், அதனை மீண்டும் புல்நிலமாக்குவது எளிதன்று. மூல இனம் அற்றுப்போனால் எந்த வங்கியும் அதனைக் கடனாகத் தராது. நூல் கெட்டால் தறி என் செய்யும் என்பதை நெசவாளர் அங்கத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பட்டக்காரரிடம் விரிந்த நிலம் இருந்தது. ஆகவே தனியொருவராய்ச் சாதித்தார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியே பொலிகாளை வளர்த்தல் ஆகாது. ஆனால் ஐம்பது பேர் கூடினால் ஆகும். கூட்டுறவின் பொருளே அதுவன்றோ? சங்கந்தோறும் ஒரு பொலிகாளை, ஓர் இனவிருத்திப் பதிவேடு, கொரங்காட்டு வேலியைப் புதுப்பிக்கச் சிறுகடன் என்னும் இம்மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். மாட்டுக்கொட்டகைக்குக் கடன் கேட்கும் நாம், மேய்ச்சல் நிலத்துக்கும் கேட்கத் தயங்குவானேன்?

முன்னோர் படத்துக்கு மாலையிடுதல் ஒரு நாள் வேலை. அவர் நட்ட வேலியைக் காத்தல் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. பின்னதே அவர்க்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.