தகடு தாழ்ந்ததல்ல

விமான இறக்கையை வரையச் சொன்னால், முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் கூர்ந்து போகும் உருவத்தைத்தான் வரைவோம். அந்தக் கண்ணோடு சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்தால் ஏமாற்றம்தான். வெறும் அலுமினியத் தகடு, அதில் லேசாக ஒரு வளைவு. காசை மிச்சம் பிடிக்கும் வேலை என்பார்கள். அது பாதி உண்மை. மீதியைக் காற்றிடம் கேட்க வேண்டும்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் தட்டையான பரப்புகளையும் வளைந்த பரப்புகளையும் காற்றில் சுழற்றி அளந்து, 1889இல் புத்தகமாக எழுதினார். வரும் காற்றுக்கு இணையாகப் பிடித்தால் தட்டைப் பரப்பு எதையும் தூக்காது. வளைந்த பரப்பு அப்போதும் காற்றைக் கீழே திருப்பிவிட்டுத் தான் மேலே எழும்பும். அந்த வளைவை நம்பியே 1891 முதல் குன்றுகளிலிருந்து பறந்த அவர், 1896இல் விழுந்து இறந்தார். ரைட் சகோதரர்கள் 1901இல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தவற்றிலும் பெரும்பாலானவை வளைத்த எஃகுத் தகடுகளே.

பிறகு ஏன் விமானங்கள் தகட்டைக் கைவிட்டன? மெல்லிய இறக்கைக்குள் வலுவான சட்டம் வைக்க இடமில்லை. வெளியே கம்பி கட்டி இழுத்துப் பிடித்தால் அந்தக் கம்பிகளே வேகத்தைத் தின்றுவிடும். காற்று வரும் கோணம் சற்று மாறினாலும் கூர்மையான முன்விளிம்பில் ஓட்டம் பிய்த்துக்கொள்ளும். 1917இல் வந்த ஃபோக்கர் மூன்றடுக்கு விமானம் பருத்த இறக்கையோடு வந்ததற்குக் காரணம் இருந்தது.

ஆனால் அளவும் வேகமும் குறைந்தால் நியாயம் தலைகீழாகிறது. மெதுவான காற்றுக்குப் பருத்த இறக்கையின் பின்சரிவில் ஒட்டிக்கொண்டே இறங்கத் தெம்பு இருக்காது, பாதியிலேயே விலகிவிடும். தகட்டின் கூரான முன்விளிம்போ காற்றைத் தொடக்கத்திலேயே கலக்கிவிடுகிறது. கலங்கிய காற்று மறுபடி பரப்பில் படிந்து ஓடும். மாதிரி விமானங்களுக்காக ஜெர்மனியில் ஷ்மிட்ஸ் என்பவர் செய்த சோதனைகள் 1940களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டின.

நிமிடத்துக்கு 350 சுற்றுப் போகும் 1,200 மி.மீ. ஃபேனில் நுனி மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தில் ஓடும், நடுப்பகுதி அதில் பாதிதான். இந்த வேகத்துக்குத் தகடு தாராளமாகப் போதும். கோணமும் பெரிதாக மாறாது என்பதால் அதன் பலவீனமும் வெளிப்படுவதில்லை. மலிவானதே பொருத்தமானதாகவும் அமைவது பொறியியலில் அபூர்வம்; இங்கே அமைந்திருக்கிறது.

ஆகவே, பண்டிகைக்கு ஃபேனைத் துடைக்கும்போது இறக்கையைப் பிடித்துத் தொங்காதீர்கள். வேலை செய்வது அந்த வளைவுதான். அது இறக்கைக்கு இறக்கை மாறிவிட்டால் ஃபேன் ஆடத் தொடங்கும், காற்றும் குறையும்.