மலையேறி வந்த டீச்சரம்மா

வெளிநாட்டு வேலை என்றாலே ஆம்பிளைகள் துபாய்க்குப் போவதுதான் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்றைக்கு பி.எட். முடித்த நம் பெண்கள் மாலத்தீவுக்குப் போகிறார்கள், சீனாவுக்குக்கூடப் போகிறார்கள். என் சித்தி மகள் ஒருத்தி சீனாவில் ஒரு பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். போனில் பேசும்போது அவள் பாடத்தைப் பற்றிச் சொல்வது குறைவு. "அக்கா, இங்கே கோடையிலும் வெந்நீர்தான் குடிக்கிறாங்க. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சா பிள்ளைங்க எல்லாம் வகுப்பிலேயே தூங்குதுங்க. என்னை 'லாவ்ஷி'ன்னு கூப்பிடுதுங்க, டீச்சர்னு அர்த்தமாம். எல்லாம் சரி, காய்கறிக் கடையிலே போய் நின்னாத்தான் வாய் இருந்தும் ஊமை மாதிரி இருக்கு" என்பாள்.

ஆசிரியர்களுக்கு அங்கே மரியாதை உண்டு. நமக்கு செப்டம்பர் 5 போல அவர்களுக்கு செப்டம்பர் 10 ஆசிரியர் தினம். 1985 முதல் கொண்டாடுகிறார்கள். ஆனாலும் பெற்றவள் மனசு கேட்குமா? "பாஷை தெரியாத ஊரில் பொண்ணு எப்படிக் காலம் தள்ளுவா?" என்று சித்தி புலம்பாத நாளில்லை.

இப்படிக் கேட்கிற தாய்மார்களுக்கு நான் எங்கள் கொல்லிமலைக் கதை ஒன்றைத்தான் சொல்வது வழக்கம். நம் பெண்கள் வெளிதேசம் போவது இருக்கட்டும். வெளிதேசத்திலிருந்து நம் ஊருக்கு வந்து, இந்த மலை மேல் குடித்தனம் நடத்திய ஒரு டீச்சரம்மாவின் கதை அது. அந்நிய மண்ணில் வேர்விடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கொல்லிமலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டுப் போயிருப்பீர்கள். மலை மேல் இருப்பவை 14 நாடுகள். நான் வாழ்க்கைப்பட்டு வந்தது குண்டனி நாட்டுக்கு. 1913-ல் இங்கே பஸ்ஸும் கிடையாது, சாலையும் கிடையாது. ஏறினால் கால்நடை, முடியாதவர்களுக்கு டோலி அல்லது மட்டக்குதிரை. மலைக் காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் இங்கே தங்கவே யோசித்த காலம்.

அந்த வருஷம்தான் எவலின் என்ற இங்கிலீஷ்காரப் பெண், ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறி வந்தார். அவருக்கு அப்போது வயது 34. லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், நல்ல உடை உடுத்திப் பழகியவர், அழகாகப் படம் வரைவார். கணவன் மனைவி இருவரும் கிறிஸ்தவ மத ஊழியத்துக்காக வந்தவர்கள். அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மலை மக்களுக்கோ தங்கள் சாமி தங்களுக்கு. யார் இவர்கள், எதற்கு வந்தார்கள் என்று சந்தேகப்பட்டு ஒதுங்கியே இருந்தார்கள். பேச வந்தவர்களைவிட எதிர்த்தவர்கள்தான் அதிகம்.

இந்த மாதிரி இடத்தில் ஒரு பெண் என்ன செய்வாள்? முதலில் வீடு. மரத்தாலான அவர்கள் வீடு தரையில் பதியாமல் தூண்களின் மேல் நின்றது. கறையான் ஏறாமல் இருக்க, தூண்களின் தலையில் உலோகத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். இந்த மலையில் கறையானோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அந்த யுக்தியின் அருமை நன்றாகவே தெரியும்!

அடுத்தது தண்ணீர். அந்தக் காலத்தில் மலையில் நரம்புச் சிலந்தி நோய் கொடுமையாக இருந்தது. இளம் தாய்மார்களுக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிக்குள் இதன் புழு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் புழு உடம்புக்குள் போய் வளரும். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, காலில் கொப்புளம் உண்டாகி, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு நூல் மாதிரி வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து புண் சீழ் பிடித்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி குளத்திலோ கிணற்றிலோ காலை வைத்தால், புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். மறுபடியும் ஊரே அதைக் குடிக்கும்.

ஜெஸ்ஸி பிராண்ட் ஓரளவு வைத்தியம் படித்தவர். புழுவைச் சுற்றி எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புங்கள், காலை உள்ளே வைக்காதீர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்னால் நடந்த பாடம் இதுதான். இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 1996-ல், ராஜஸ்தானில். 2000-ல் நம் நாட்டில் இந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஒழித்த மருந்து எது தெரியுமா? ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. சுத்தமான தண்ணீரும் வடிகட்டுகிற துணியும்தான். அடுப்படியில் நிற்கிற நம்முடைய கைதான் அந்த மருந்து.

வைத்தியம், தச்சு வேலை, செங்கல் அறுப்பது, எழுத்துப் படிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக வேலை வளர்ந்தது. ஆனாலும் மலை மக்கள் மனசு திறந்தது ஒரு கஷ்ட காலத்தில்தான். 1918-19-ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் படுத்துவிட்டார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கக்கூட எழுந்து நடமாட ஆளில்லை. பிராண்ட் தம்பதி குடிசை குடிசையாகப் போய் அரிசிக் கஞ்சி ஊட்டினார்கள். இவர்களை எதிர்த்து நின்ற ஒரு பூசாரி, தன் உயிர் போகிற நேரத்தில், கைக்குழந்தையான தன் மகளை இவர்கள் கையிலேயே ஒப்படைத்தார் என்று இவர்கள் வரலாற்றில் படிக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தகப்பன் தன் பெண் குழந்தையை யாரிடம் கொடுப்பான்? நன்றாகப் பிரசங்கம் செய்தவரிடமா? பசித்தபோது கஞ்சி கொண்டுவந்த கையை நம்பித்தானே கொடுப்பான்!

பிராண்ட் அம்மாவுக்கும் இரண்டு குழந்தைகள். மகன் பால், 1914-ல் பிறந்தவர். அடுத்து மகள் கோனி. வீட்டிலேயே அம்மாதான் டீச்சர். ஆனால் பையனுக்கு ஒரு மலைத் தாத்தாவும் பாடம் சொன்னார். சிறுவர்கள் சேர்ந்து படிக்கட்டு வயலில் தவளை பிடித்து விளையாடி வரப்பைக் கலக்கிவிட்டார்களாம். தாத்தா வந்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தச் சேறுதான் வருஷா வருஷம் நமக்குச் சோறு போடுகிறது, தண்ணீர் கலங்கி ஓடினால் மண்ணும் கூடவே இறங்கிப் போகிறது, போன மண் திரும்ப மலையேறி வராது என்று விளக்கினார். பெரியவரான பிறகு பால் பிராண்ட் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார். பாருங்களேன், படிப்புச் சொல்ல வந்த வீட்டுப் பிள்ளைக்கே படிப்புச் சொல்லியிருக்கிறது எங்கள் மலை!

இனி நான் சொல்லப்போவது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற தாய்மார்களுக்கு. 1923-ல் பிள்ளைகளைப் படிக்க வைக்க இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். பையனுக்கு 9 வயது. பெண் அவனுக்கும் சின்னவள். அடுத்த வருஷம் இருவரையும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அப்புறம் கடிதம்தான். கப்பலில் ஏறி, வாரக்கணக்கில் கடலில் மிதந்து போய்ச் சேருகிற கடிதம்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டுக்குக் கருநீர்க் காய்ச்சல் வந்தது. கடுமையான மலேரியா முற்றும்போது ரத்த அணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்துப் போகும். 44 வயதில் இந்த மலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. லண்டனுக்குத் தந்தி போனது. அதற்குப் பிறகும் சில வாரங்கள், உயிரோடு இருந்தபோது அப்பா எழுதிப் போட்ட கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டே இருந்தனவாம். இதைப் படித்த அன்று எனக்கு அடுப்பு வேலை ஓடவில்லை.

ஊருக்கு உழைக்கிறவர்களின் கதையை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நாம் அப்படி விடக் கூடாது. வெளியூர் டீச்சர் ஒருவர் நம் பிள்ளைக்கு 'அ' எழுதச் சொல்லித்தருகிற நேரத்தில், அவர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு யாரோ தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அது எவ்வளவு பெரிய விலை என்று ஒரு தாய்க்குத் தெரியாதா?

கணவர் போன பிறகு பிராண்ட் அம்மா இங்கிலாந்தோடு இருந்துவிடவில்லை. திரும்பி வந்தார். 70 வயதை நெருங்கியபோது, ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய சங்கம் சொல்லிவிட்டது. சரி, உங்கள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறிவிட்டார்! கொல்லிமலையோடு கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றினார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். 90 வயதைத் தாண்டியும் மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போனார். என் மாமியார் சின்னப் பெண்ணாக இருந்தபோது, "குதிரை மேலே போற வெள்ளைக்காரப் பாட்டி"யைச் சந்தைப் பாதையில் பார்த்ததாகச் சொல்வார். "நம்ம கிழவிங்க மாதிரிதான் இருந்துச்சு. நிறந்தான் வேற" என்பார்.

இன்னொரு விஷயம். கடைசி 20 வருஷம் அவர் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். பட்டும் பகட்டுமாகக் கப்பல் ஏறிய பெண் அவர்! 1974 டிசம்பரில், 95-வது வயதில் வேலூரில் காலமானார். மலைக்குக் கொண்டுவந்து வாழவந்தி நாட்டில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். மகன் பால் பிராண்டோ வேலூர் ஆஸ்பத்திரியில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

அந்நிய ஊரில் டீச்சராகப் போகிற பெண்களுக்கு இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துச் சொல்வது மூன்றுதான். முதலாவது, சொல்லிக்கொடுக்கும் முன் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், உப்பு, காய்ச்சல், எவ்வளவு, நன்றி - இந்த ஐந்து வார்த்தை போதும், கடைவாசலில் ஊமையாக நிற்க வேண்டாம். இரண்டாவது, குடிக்கிற தண்ணீரிலும் காய்ச்சலிலும் அசட்டை கூடாது. கொதிக்க வைத்த தண்ணீரே குடியுங்கள். குளிரோடு காய்ச்சல் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலேரியாவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் இன்று குணமாக்க நல்ல மருந்து இருக்கிறது. மூன்றாவது, வீட்டுக்குப் பேசுங்கள். கப்பல் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள் அந்தக் குழந்தைகள். உங்கள் கையில் போன் இருக்கிறது. முகத்தைக் காட்டியே பேசலாம்.

வீட்டோடு இருக்கிற நமக்கும் ஒரு பங்கு உண்டு. இன்றும் எங்கள் மலைப் பள்ளிகளுக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் சமவெளியிலிருந்து டீச்சர்கள் வருகிறார்கள். 70 வளைவில் தலைசுற்றி, வாந்தியெடுத்து வந்து இறங்குகிற அந்தப் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே மாற்றல் கேட்கத் தோன்றினால் ஆச்சரியமில்லை. போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? நம் பிள்ளைக்குத்தான். எந்த ஊற்றுத் தண்ணீர் நல்லது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, காய்ச்சலுக்கு எங்கே போவது என்று அவளுக்குச் சொல்ல நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ கொஞ்சம் கீரைக் குழம்போடு கொடுத்தனுப்பினால் நம் வீட்டில் குறைந்துவிடுமா?

மலையோ பட்டணமோ, உங்கள் தெருவிலும் ஒரு வெளியூர் டீச்சர் குடியிருப்பார். "எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க?" என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "பிள்ளைங்க யார்கிட்டே இருக்காங்க? சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றும் கேளுங்கள் சகோதரிகளே. நம் பிள்ளையின் படிப்பு பாதி அங்கேதான் இருக்கிறது.