வெற்றிப் பரணியில் விடுபட்ட பெயர்கள்

ஹுவாவே நிறுவனத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கதைகளுள் ஒன்றையே சொல்கின்றனர். முதலாவது வீரகதை. 1987இல் சீனாவின் ஷென்ஜென் நகரில், இராணுவத்தில் பொறியாளராக இருந்து விலகிய ரென் ஜெங்ஃபெய் 21,000 யுவான் முதலுடன் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 2012இல் அது எரிக்ஸனையே விஞ்சி, தொலைத்தொடர்புக் கருவிகள் விற்பதில் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. இரண்டாவது கள்வன் கதை. திருடிய தொழில்நுட்பத்தாலும் அரசின் உளவுக் கரத்தாலும் வளர்ந்த நிறுவனம் அது என்பது. இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை. இரண்டுமே பாதி உண்மை என்பதோடு, ஒரே இடத்தில் மௌனம் காக்கின்றன என்பதும் காரணம்.

முதலில் வீரகதையை எடுத்துக்கொள்வோம். ஹாங்காங்கிலிருந்து தொலைபேசி இணைப்பகங்களை வாங்கி விற்கும் முகவராகவே ஹுவாவே தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் சீனப் பெருநகரங்களின் சந்தை வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆகவே சிற்றூர்களுக்கும் ஒதுக்குப்புற மாவட்டங்களுக்கும் சென்று, தானே உருவாக்கிய இணைப்பகங்களை விற்றது. கிராமங்களைக் கைப்பற்றி நகரங்களைச் சூழ்வது என்னும் மாவோவின் போர் உத்தியை வணிகத்துக்குப் பெயர்த்த செயல் இது. ரஷ்யாவிலும் ஆப்பிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் இதே உத்தியே தொடர்ந்தது. பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத இடங்களில் குறைந்த விலையில் வேரூன்றி, பிறகே ஐரோப்பாவை நெருங்கினர். 2005இல் வெளிநாட்டு விற்பனை உள்நாட்டு விற்பனையைத் தாண்டியது. பிரிட்டிஷ் டெலிகாம் தன் புதிய வலையமைப்புக்கு ஹுவாவேயைத் தேர்ந்ததும் அவ்வாண்டில்தான். இது சாதாரணச் செயலன்று. ஆயினும் 'தன் கையே தனக்குதவி' என்று இதற்கு உரையெழுதுவது பிழை. சீன வளர்ச்சி வங்கி 2004இல் 1,000 கோடி டாலரும் 2009இல் 3,000 கோடி டாலரும் கடன் வசதியாக அறிவித்து உடன் நின்றது. கருவியோடு, அதை வாங்கக் கடனும் கொண்டு வரும் வணிகருடன் நார்டெல் போன்ற நிறுவனங்கள் எவ்வாறு போட்டியிட்டிருக்க முடியும்?

இனி, கள்வன் கதை. 2003இல் சிஸ்கோ வழக்குத் தொடுத்ததும், சில நிரல் பகுதிகளை நீக்க ஹுவாவே இணங்கியதும், 2004இல் வழக்கு முடிவுக்கு வந்ததும் மறைக்கத்தக்கன அல்ல. ஆனால் ஆண்டுதோறும் வருவாயில் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக ஆராய்ச்சிக்குச் செலவிடும் நிறுவனத்தின் வளர்ச்சி முழுவதையும் ஒரு வழக்கில் அடக்கிவிட முடியாது. உளவுக் குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்கா பல்லாண்டுகளாகப் பேசியும் ஐயத்துக்கு இடமற்ற சான்றைப் பொதுவெளியில் வைக்கவில்லை. மாறாக, ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின் வழி 2014இல் உலகம் அறிந்தது, அமெரிக்க உளவு நிறுவனமே ஹுவாவேயின் கணினிகளுக்குள் புகுந்திருந்தது என்பதைத்தான். இதனால் அச்சம் ஆதாரமற்றதாகிவிடாது. உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைத்தாக வேண்டும் என்று சீனாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனினும் ஒருவரையொருவர் ஒட்டுக்கேட்கும் இரண்டு அரசுகளுள் ஒன்றை அறத்தின் காவலனாகக் கொள்ள நமக்கு என்ன கட்டாயம்?

இரண்டு கதைகளும் மௌனம் காக்கும் இடம், உழைத்தவனின் இடம். ஓநாயைப் போல மோப்பம் பிடி, விடாது தாக்கு, கூட்டமாகப் போரிடு என்பது ஹுவாவே வளர்த்தெடுத்த 'ஓநாய்ப் பண்பாடு'. தொடக்க காலத்தில் புதிதாகச் சேர்பவருக்கு மேசைக்கடியில் விரித்துக்கொள்ள மெத்தை தருவது அங்கு வழக்கம். 2006இல் இருபத்தைந்து வயதுப் பொறியாளர் ஒருவர் நோயுற்று இறந்தபோதுதான் அந்த மெத்தை சீனத்தில் பொது விவாதத்துக்கு வந்தது. நெடுங்காலம் பணியாற்றியோருக்கு நிலையான ஒப்பந்தம் வழங்கும் தொழிலாளர் சட்டம் 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்குச் சற்றுமுன், ஏறத்தாழ ஏழாயிரம் மூத்த ஊழியர்கள் பதவி விலகி மீண்டும் புதியவர்களாகச் சேர வைக்கப்பட்டனர். இழப்பீடு வழங்கப்பட்டது உண்மை. சட்டம் தரவிருந்த பாதுகாப்பு பறிக்கப்பட்டதும் உண்மை.

இன்னொரு நிகழ்ச்சி. 2018 டிசம்பரில் ரெனின் மகள் மெங் வான்ஜோ கனடாவில் கைதானார். பிணையில் வான்கூவரில் தம் வீட்டில் தங்கினார். அதே மாதத்தில் ஷென்ஜெனில் ஹுவாவேயின் முன்னாள் ஊழியர் ஒருவரும் கைதானார். பணி முடிவுத் தொகை தொடர்பில் மிரட்டிப் பணம் பறித்தார் என்பது நிறுவனத்தின் புகார். போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்படும் வரை 251 நாட்கள் அவர் காவலில் இருந்தார். மகளுக்காக ஒரு தேசமே குரல் கொடுத்தது. ஊழியர் விஷயத்தில், உரிமை பாதிக்கப்பட்டதாகக் கருதினால் வழக்குத் தொடரலாம் என்றது நிறுவனம். இரண்டையும் ஒப்பிட்டுச் சினந்தவர்கள் சீன மக்களே. அந்தச் சினமும் இணையத்தில் தணிக்கைக்கு உள்ளானது.

ரெனிடம் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுப் பங்கே உள்ளது, எஞ்சியது ஊழியர்களுடையது என்று சிலர் மறுமொழி கூறுவர். வெளியில் விற்க முடியாத, விலகும்போது பொதுவாகத் திருப்பியளிக்க வேண்டிய பங்கு இலாபத்தில் பங்கு தரலாம். மெத்தையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகும் உரிமையைத் தராது. அமெரிக்கத் தடைகளால் 2021இல் வருவாய் ஏறத்தாழ 29 விழுக்காடு சரிந்தும், 2023இல் சீனச் சில்லுடன் புதிய கைபேசி வெளியிட்டு ஓநாய் மீண்டெழவில்லையா என்றும் கேட்பர். எழுந்தது. தடைகள் தம் நோக்கில் தோற்றன என்பதே அதன் பொருள். வென்றவன் செய்ததெல்லாம் சரி என்பது அதன் பொருளன்று.

தமிழில் பரணி என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. வென்றவனைப் பாடுவது அது. ஆனால் நூலுக்குத் தோற்றவர் பெயரையே சூட்டுவது மரபு. வென்ற சோழனைப் பாடிய நூல் கலிங்கத்துப் பரணி ஆயிற்று. ஹுவாவேக்குப் பரணி பாட விரும்புவோர் அந்த மரபையேனும் காக்கட்டும். பெயர் சூட்டும்போது நார்டெலையும் லூசென்டையும் தேடிப் போக வேண்டாம். மேசைக்கடியில் மெத்தை விரித்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதட்டும்.