நஞ்சுக்கொடியை இழுக்க வேண்டாம்

கன்று ஈன்ற பசு சில மணி நேரத்தில் நஞ்சுக்கொடியைப் போடாவிட்டால், கையை விட்டு இழுப்பதும், தொங்கும் கொடியில் கல்லைக் கட்டிவிடுவதும் பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. இவ்வழக்கம் அடியோடு கைவிடப்பட வேண்டும்.

ஈன்றவுடன் கருப்பை வாய் திறந்திருப்பதால், ஏறக்குறைய எல்லாப் பசுக்களின் கருப்பையிலும் பாக்டீரியாக் கிருமிகள் நுழைகின்றன. ஆயினும் பெரும்பாலான பசுக்கள் நோயுறுவதில்லை. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கருப்பையில் திரண்டு, கிருமிகளை விழுங்கி அழித்து, இரண்டு மூன்று வாரங்களில் துப்புரவு செய்துவிடுகின்றன. கொடி பிரிவதற்கும் இதே அணுக்கள் துணை புரிகின்றன. பலவந்தமாக இழுத்தால் கருப்பையின் உட்சுவர் புண்ணாகிக் கிருமிகளுக்கு வழி ஏற்படும்.

12 மணி நேரம் கடந்தும் கொடி விழாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். துர்நாற்றமுள்ள செந்நிற நீர் ஒழுகுதல், காய்ச்சல், தீனி எடுக்காமை, பால் குறைதல் ஆகியவை தோன்றினால் உடனே சிகிச்சை தேவை. மருந்து கொடுத்த பசுவின் பாலை, மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை விற்கலாகாது.

ஈனும் தறுவாயில் பசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி இயல்பாகவே குறையும். ஆகவே, பால் வற்றிய கடைசி இரண்டு மாதங்களில் 'கறவை இல்லையே' என்று தீவனத்தைக் குறைப்பது சிக்கனமாகாது. பசுந்தீவனம், அளவான அடர்தீவனம், தாது உப்புக் கலவை, ஈன்றிட உலர்ந்த சுத்தமான இடம் ஆகியவை தேவை. கருப்பை கெட்டால் சினை பிடிப்பது தள்ளிப் போகும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீனி வீண். அந்தச் செலவை முன்கூட்டியே சினை மாட்டின் தொட்டியில் இடுவதே விவேகம்.