ஹோம் லோன் ஃபார்முக்கு முன்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர்!

ஜாயின்ட் ஹோம் லோன் பற்றிய போன வீடியோவில் கணக்கை மட்டும்தான் சொன்னேன். அதில் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே சொல்லிடறேன்.

60 லட்சம் கடன், வட்டி 8.5%னு வைத்துக்கொள்வோம். 20 வருஷத்துக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 52,070 ரூபாய், மொத்த வட்டி சுமார் 65 லட்சம். 15 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 59,080, வட்டி 46 லட்சம் சொச்சம். மாசம் 7,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 18 லட்சத்துக்கு மேல் மிச்சம்!

இந்தக் கணக்கைக் காட்டித்தான் என் மனைவியிடம் ஒரு வாரம் வாதாடினேன். அவர் 20 வருஷம்தான் வேணும் என்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது உங்க கணக்கா, உங்க பயமா?"

பதில் வரவில்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதைப் பார்த்து, அப்பா தெருமுனையிலேயே திரும்பிப் போனதைச் சின்ன வயசில் பார்த்தவன் நான். என் அவசரம் அங்கிருந்து வந்தது. எக்செல் ஷீட் அதை மறைத்துவிட்டது. அவருக்கும் ஒரு பயம் இருந்தது: குழந்தைக்காக ஒரு வருஷம் வேலையை விட வேண்டி வந்தால்? நான் அதுவரை கேட்கவே இல்லை.

இரண்டையும் வாய்விட்டுச் சொன்ன பிறகு வழி சுலபமாகக் கிடைத்தது. 20 வருஷக் கடனே எடுத்தோம். முடிகிற மாசங்களில் அசலில் கூடுதலாகக் கட்டுகிறோம். தனிநபர் எடுக்கும் ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோனில் முன்கூட்டியே கட்ட அபராதம் கிடையாது.

அதனால் என் கருத்து இதுதான். ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் இருவரும் தனித்தனியாக மூன்று பதில் எழுதுங்கள்:

1. எந்த இஎம்ஐ வரை நான் நிம்மதியாகத் தூங்குவேன்?
2. இதில் எனக்கு எது பயம்?
3. யாரைப் பார்த்து இந்த வீடு வேணும்னு தோணுது?

பிறகு மாற்றிப் படியுங்கள். ஏன் தனித்தனியாக? சேர்ந்து பேசினால் அதிகம் சம்பாதிக்கிறவர் சொல்வதே பல வீடுகளில் முடிவாகிவிடும். பேங்க் அப்படிப் பார்ப்பதில்லை. கோ-அப்ளிகன்ட்டாகக் கையெழுத்துப் போட்டால் முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. தவணை தவறினால் இருவருடைய சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். பொறுப்பு சமம்னா பேச்சும் சமமா இருக்கணும் இல்லையா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரை எடுங்க. கால்குலேட்டர் அப்புறம்!