மலையேறும் மாணவர் மொழியிறங்கலாமா?

தலைமை என்பது சான்றிதழால் வருவதன்று. பின்னே வருவோர் தன் சொல்லைக் கேட்டு, அதன் பொருளை உணர்ந்து, அதனை நம்பி அடியெடுத்து வைக்குமாறு சொல்ல வல்லவனே தலைவன். ஆகலின், தலைமைப் பயிற்சி என்பது முதற்கண் சொற்பயிற்சியே. தமிழ் மாணவர்க்கென மலையடிவாரங்களிலும் காட்டோரங்களிலும் நடத்தப்பெறும் தங்கற் பயிற்சிப் பாசறைகளில் இவ்வுண்மை மறக்கப்பட்டுக் கிடக்கின்றது.

பாசறைகளே வேண்டா என்பார் எவருமிலர். வீட்டில் தாய் மொண்டு கொடுத்த நீரைப் பருகிய மாணவன், பாசறையில் தானே குடம் சுமக்கிறான். கூடாரம் அடிக்கிறான், நள்ளிரவில் காவல் நிற்கிறான், விண்மீன் பார்த்துத் திசையறிகிறான். செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாள் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கின்றனர். வகுப்பறையில் ஓராண்டு கற்பித்தும் வாராத ஒப்புரவு பத்தே நாளில் வந்துவிடுகின்றது. இது பெரும்பேறே. ஆயினும், இப்பேறு எம்மொழியில் வழங்கப்படுகின்றது என்பதே வினா.

1948-இல் தோன்றியது, என்.சி.சி. எனப்படும் நாட்டு மாணவர் படை. அதன் அணிநடை ஏவல்கள் இன்றும் இந்தியிலேயே ஒலிக்கின்றன. நேராக நிற்கச் சொல்லும் ஏவல் 'சாவ்தான்' என்பது. தமிழ்ச் செவிக்கு அது 'சாவுதான்' என்றே கேட்கின்றது! நிற்க வேண்டிய தமிழ் மாணவனுக்கு 'நேர் நில்' என்னும் ஈரசைச் சொற்கள் கிடைக்கவில்லையா?

இவ்வினா புதியதன்று. 1965-ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சி மூட்டிய தீ அணையாதிருந்த காலத்தில், அண்ணா முதலமைச்சராக இருந்தபொழுது, 1968 சனவரி 23-ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மாணவர் படைப் பயிற்சியில் இந்தி ஏவற்சொற்கள் கூடா என்பதும் அத் தீர்மானத்தின் ஒரு கூறு. பாடநூலிலிருந்து இந்தியை நீக்கியதைத் தமிழர் பெருமையுடன் நினைவில் வைத்துள்ளனர். பயிற்சித் திடலிலிருந்து நீக்கச் சொன்னதையோ மறந்தே போயினர்.

'காலைத் தூக்கி வைப்பதற்கு எம்மொழி ஏவலானால் என்ன?' என்பார் உளர். பொருள் விளங்காத ஒலிக்கு உடலை அசைத்துப் பழகியவன் கீழ்ப்படியக் கற்கிறானேயன்றித் தலைமை தாங்கக் கற்பதில்லை. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், மாணவர் ஏழு நாள் சிற்றூர்களில் தங்கித் தொண்டாற்றுகின்றனர். அங்கே ஊராரைக் கூட்டிப் பேசவும், வேலையைப் பங்கிடவும், பிணக்கைத் தீர்க்கவும் தாய்மொழியே கைகொடுக்கின்றது. வகுப்பில் கடைசி இருக்கையில் ஒடுங்கியிருந்த மாணவன் அங்கே முன்னே வந்து நிற்பதன் காரணம் இதுவே.

தனியார் நடத்தும் பாசறைகள் பலவற்றில் இந்தியின் இடத்தை ஆங்கிலம் பற்றிக்கொள்கின்றது. அன்றைய பட்டறிவை எடுத்துரைக்குமாறு மாலையில் மாணவரைக் கேட்கின்றனர். ஆற்றை முதலில் கடந்து பிறர்க்குக் கைகொடுத்தவன் ஆங்கிலம் வாராமையால் வாய்மூடி அமர்ந்திருக்கிறான். கரையிலேயே தயங்கி நின்றவன் ஆங்கிலத்தில் முழங்கிப் பாராட்டுப் பெறுகிறான். இதற்குப் பெயர் தலைமைப் பயிற்சியா? தலைவனைத் தலைகுனியச் செய்யும் பயிற்சியன்றோ!

மலையோ முற்றும் தமிழ் பேசுகின்றது. இராசபாளையத்திற்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள அய்யனார் கோவிலைக் காண்க. அங்குள்ள தெய்வத்தின் பெயர் நீர்காத்த அய்யனார். அவ்வாற்று நீரே ஊராரின் குடிநீருக்கும் உதவுகின்றது. நீரைக் காக்க வேண்டும் என்பதைத் தெய்வத்தின் பெயரிலேயே பொதிந்து வைத்தனர் முன்னோர். மலைமேல் மழை பெய்தால் ஆறு நொடிப்பொழுதில் பெருகும். வழிபடச் சென்றோர் அக்கரையில் சிக்கிக்கொண்டு மீட்கப்பட்ட நிகழ்ச்சிகள் பலவுண்டு. அந்நேரத்தில் ஒரு தலைவன் உரைக்க வேண்டிய சொல், அங்குள்ள கிழவிக்கும் குழந்தைக்கும் ஒரே நொடியில் விளங்க வேண்டுமன்றோ?

திருவில்லிபுத்தூரை ஒட்டிய காடு 1988-இல் நரைநிற மலையணிலின் புகலிடமாகவும், 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இம்மலையடிவாரங்களில் வாழும் பளியர், தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் காட்டை அடிக்கடியாய் அறிந்தவர்கள். மரத்தின் பெயரும் மருந்தும் அவர் நாவில் உள்ளன. பாசறை மாணவனோ, அணிலின் ஆங்கிலப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதனைப் பேணி வாழும் மக்களிடம் ஒரு சொல்லும் கேளாமல் ஊர் திரும்புகிறான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்தினார். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பட்டதென்பது அப்பாட்டைப் பற்றிய பழங்குறிப்பு. அயலானுக்கு மலையைக் காட்டித் தமிழ் கற்பித்தான் அன்றைய புலவன். தமிழனுக்கே தமிழ் மலையை அயன்மொழியில் கற்பிக்கின்றனர் இன்றைய பயிற்சியாளர். வீழ்ச்சியின் ஆழத்தை அளக்க வேறு கோல் வேண்டுமோ?

மலையறிவு வெறும் ஏட்டழகுமன்று, உயிர்க்காப்பு. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காய்ந்த புல் தீப்பற்றி, மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்க முதலில் விரைந்தோருள் அம்மலையூர் மக்களும் இருந்தனர். காற்று எப்பக்கம் திரும்பும், புல் எப்பொழுது காயும், தப்பும் வழி எது என்பவற்றை அம்மண்ணின் மக்களிடம் அம்மண்ணின் மொழியில் கேட்டறியாத பயிற்சி, பயிற்சியாகாது.

மொழியைப் பாசறையால் காத்த நாடும் உண்டு. பிரித்தானியத் தீவிலுள்ள வேல்சு நாட்டின் அபர்டோவியில் 1941-இல் கர்ட் ஆன் என்பார், இளங் கடலோடிகளின் மனவுறுதியை வளர்க்கப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். உலகெங்கும் பரவிய வெளிப்புறப் பயிற்சிப் பள்ளிகளுக்கு அதுவே முன்னோடி. ஆனால், அதற்கும் முன்பே வேல்சு மக்கள் தமக்கெனப் பாசறை கண்டுவிட்டனர். குழந்தைகள் ஆங்கிலத்திலேயே ஆடியும் பாடியும் திரிவது கண்டு நெஞ்சு நொந்த இவான் எட்வர்ட்சு, 1922-இல் சிறுவர் திங்களிதழ் ஒன்றில் அழைப்பு எழுதினார். அதனால் பிறந்தது வேல்சு மொழி இளைஞர் இயக்கம். 1932 முதல் கடற்கரைச் சிற்றூரொன்றிலும், 1950 முதல் பாலா ஏரிக்கரையிலும் அதன் பாசறைகள் நடந்து வருகின்றன. படகோட்டலும் மலையேறலும் அங்கே வேல்சு மொழியில் நிகழ்கின்றன. ஓர் இதழின் ஒரு பக்கம் இத்தனை செய்ததென்றால், கோடிக்கணக்கானோர் பேசும் தமிழால் இயலாதா?

செய்ய வேண்டுவன மூன்று. தமிழ்நாட்டில் நடைபெறும் மாணவர் பாசறைகளில் ஏவல், பாடம், கலந்துரையாடல் அனைத்தும் தமிழில் அமைதல் வேண்டும். பளியர் முதலிய மலைமக்களை வழிகாட்டிகளாக மட்டுமன்றி ஆசிரியர்களாகவும் உரிய ஊதியத்துடன் அமர்த்துதல் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் பாசறையிலிருந்து திரும்புகையில், அம்மலையின் மரம், செடி, பறவை, ஓடை ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைத் தன் கையால் தொகுத்த ஏட்டுடன் திரும்புதல் வேண்டும். அரசு செய்யும் வரை காத்திராமல், தமிழாசிரியர்களும் தமிழ் மன்றங்களும் அவ்வவ்வூரில் இதனைத் தொடங்கலாம். கூடாரத்துணியும் கயிறும் கொஞ்சம் அரிசியும் போதும். சொல்வளம் ஏற்கெனவே இருக்கின்றது.

தமிழ்மகன் தன் மலையில் நிற்கும்பொழுது தன் மொழியில் நிமிர்ந்து நிற்கட்டும். நேர் நில், தமிழா! பின் நட, பிறரை நடத்து!