மனநோயாளரும் உழைச்செல்வாரும்

உடலுக்கு நோய் வந்தால் ஊரார் கூடுவர். உள்ளத்திற்கு நோய் வந்தால் ஊரார் விலகுவர். காய்ச்சலுற்றான் வீட்டிற்குக் கஞ்சி கொண்டு வருவோரே, மனங்கலங்கினான் வீட்டு வாயிலைக் கடக்குங்கால் தம் குழந்தைகளின் கையைப் பற்றிக்கொண்டு விரைகின்றனர். இவ்வேறுபாடு மருத்துவ நூலார் வகுத்ததன்று, நாம் வகுத்தது. ஆகலின் அதனைத் தீர்க்கும் கடமையும் நம்முடையதே.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழைச்செல்வான் என்பான் நோயாளியின் பக்கத்தேயிருந்து மருந்தைக் காலந்தவறாது அளிப்பவன். இவனையும் ஏனைய மூன்றனோடு ஒப்ப எண்ணினமையின், இவனின்றி மருத்துவம் முற்றுப்பெறாது என்பது பெறப்படும். சென்னை மாநகரில் ஏழை மனநோயாளர்க்கு இன்று பெரிதும் இல்லாதது இந்நான்காம் கூறே என்பதும், அதனை அளித்தாலன்றி எல்லார்க்கும் ஒப்ப மருத்துவம் கிட்டாது என்பதும் யாம் ஈண்டு கூறக் கருதியவை.

மருத்துவரும் மருந்தும் இந்நகரில் இல்லாமலில்லை. 1794-ஆம் ஆண்டிலேயே மனநோயாளர்க்கென ஒரு காப்பகம் இங்குத் தோன்றிற்று. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசினர் காப்பகம் திறக்கப்பட்டது. 1922-இல் அது மனநோய் மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. அடைத்து வைக்கும் இடம் ஆற்றித் தரும் இடமாதல் வேண்டும் என்னும் எண்ணம் அப்பெயர் மாற்றத்திலேயே தோன்றுகின்றது. 1961 முதல் 1978 வரை அதன் தலைமை பூண்டவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்பெறுபவர். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாது, 1984-இல் மனச்சிதைவு நோயாளர்க்காக ஸ்கார்ப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வீடின்றித் தெருவில் அலைந்த மகளிர்க்கென 1993-இல் பான்யன் என்னும் அமைப்பு எழுந்தது. அரசு மருத்துவமனைகளில் மருந்தும் விலையின்றிக் கிடைக்கின்றது.

அங்ஙனமாயின் நோயாளர் மருத்துவம் பெறாதிருப்பது ஏன்? 2015-16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, மனநோயுற்றாருள் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் மருத்துவம் பெறாதிருத்தலைக் கண்டது. சிற்றூர்களினும் பெருநகரங்களிலேயே நோய் மிகுந்திருத்தலையும் அது காட்டிற்று. மருத்துவமனை நிறைந்த நகரத்தில் மருத்துவம் எட்டாத மக்கள்! இதன் காரணத்தை யாம் ஓர் அன்னையின் வாயிலாக அறிந்தோம்.

சென்ற ஆண்டு எம் மாணவர் சிலர் சனிக்கிழமைதோறும் கண்ணகி நகருக்குச் சென்று சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி வந்தோம். நகரின் ஆற்றங்கரைகளிலும் பிறவிடங்களிலும் குடிசையிட்டு வாழ்ந்தோரைப் பெயர்த்து, 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றிய இடம் அது. கீழ்ப்பாக்கத்திற்கும் அதற்கும் இடையே 20 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. அங்கு நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் அன்னை ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது மகன். எவரும் பேசாதபோது தன்னை எவரோ ஏசுவதாகக் கேட்கும் நோய் அவனுக்கு. அரசு மருத்துவர் அன்போடு பார்த்தார், மருந்தும் கொடுத்தார். இரு திங்கள் உண்டான். மூன்றாந் திங்கள் மருந்து நின்றுவிட்டது. ஏனென்று வினவினோம்.

"மருந்துக்குக் காசு கேட்பதில்லை தம்பி, மாதம் ஒரு நாள் கூலியைத்தான் கேட்கிறது. அடிக்கடி லீவு எடுக்கிறாய் என்று ஒரு வீட்டில் நிறுத்தியே விட்டார்கள்" என்றாள்.

2021-இல் மகளிர்க்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நன்றே, ஆயினும் அவள் இழந்தது பேருந்துக் கட்டணமன்று, வேலை. செல்வர் வீட்டு மகனுக்கு இதே நோய் வருமாயின் வண்டி வரும். உடன்செல்ல ஆள் வரும். இரவிலும் மருத்துவர் தொலைபேசியிற் பேசுவார். அவர் பொருள் கொடுத்துப் பெறுவது மருந்தை மட்டுமன்று, உழைச்செல்வானையும் பெறுகின்றார். விலையில்லா மருந்து வேறு, ஒப்ப வழங்கும் மருத்துவம் வேறு என்பதை இங்கு உணர்க.

2017-இல் இயற்றப்பெற்று 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவம் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்றும், அது வேறுபாடின்றி அண்மையிலேயே கிடைத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. நோயாளியைச் சங்கிலியிற் பிணிப்பதையும் தடுக்கின்றது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிக்கப்பட்டு ஓடவும் இயலாது 28 பேர் மாண்டதை நாடு மறத்தலாகாது. உழைச்செல்வான் இல்லாதவிடத்தில் அவனிடத்தைச் சங்கிலி கொள்கின்றது.

இதில் எம் சமயத்தாரும் குற்றமிலர் அல்லர். நோயைப் பேயெனக் கொண்டு, மருந்தை நிறுத்திச் செபம் மட்டுமே செய்விப்பாரை எம்மிடையேயும் கண்டுள்ளோம். கல்லறைகளிடையே விலங்குகளை முறித்துத் திரிந்தவனை இயேசு பெருமான் குணப்படுத்திய வரலாற்றை மாற்கு உரைக்கின்றார். குணமடைந்தவன் உடன்வர வேண்டியும், பெருமான் அவனை அவன் வீட்டாரிடமே அனுப்பினார். மனநோயாளியின் இடம் வீடு. மருத்துவம் அவ்வீட்டைச் சென்று அடைதல் வேண்டும்.

இஃது இயலுமோ எனின், இயலும் என்பதற்குச் சான்றுண்டு. ஜிம்பாப்வே நாட்டு மருத்துவர் டிக்சன் சிபண்டா, ஹராரே நகரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிப் பாட்டிமார் சிலர்க்குப் பயிற்சியளித்தார். அவர்கள் சிறு மருத்துவ நிலையங்களின் முற்றத்தில் ஒரு மரப்பலகையில் அமர்ந்து, மனச்சோர்வுற்றார் குறைகளைக் கேட்டு, தீர்வு காண வழிகாட்டினர். 2016-இல் வெளிவந்த ஆய்வு, அவ்வாறு உதவி பெற்றாரின் துயரம் ஏனையோரினும் மிகக் குறைந்ததைக் காட்டிற்று. "கடுமையான மனநோயைப் படியாதார் கையில் விடுவதா?" எனச் சிலர் வினவுவர். விடுக என்பதன்று; மருத்துவரோடு அவரையும் சேர்க்க என்பதே எம் கருத்து. காஞ்சிபுரம் மாவட்டம் உள்ளிட்ட இந்தியாவின் மூன்றிடங்களில் மனச்சிதைவு நோயாளர் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியரை அனுப்பிச் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு இவ்வுதவியும் பெற்றோர் சிறிது கூடுதலாக நலமுற்றனர். பயன் பெரிதன்று, எனினும் உண்மையானது.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வருவோர்க்கு ஏற்ற நேரத்தில், மனநல மருத்துவர் அமர்தலும் மருந்து அங்கேயே கிடைத்தலும் வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற குடியேற்றப் பகுதிகளில் இதனை முதற்கண் தொடங்குதல் வேண்டும். அப்பகுதி மகளிரையே பயிற்றி, ஊதியமும் தந்து, வீடுதோறும் அனுப்புதல் வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் இவ்வழியைக் காட்டியுள்ளது. ஊதியம் என்பதை யாம் வற்புறுத்துகின்றோம். ஊதியமின்றி உழைக்கச் சொல்வது ஓர் ஏழையின் சுமையை மற்றோர் ஏழையின் தோளில் ஏற்றுவதாகும்.

இதனை யாம் எம் பிழையினாலேயே கற்றோம். அவ்வன்னையின் மகனை மாதந்தோறும் அழைத்துச் செல்லும் பொறுப்பை எம்முள் இருவர் ஏற்றனர். நான்கு திங்கள் தவறாது சென்றனர். அவனும் உறங்கினான், உண்டான், தன் மாமன் கடையில் பொட்டலம் கட்டவும் தொடங்கினான். பின்னர்ப் பருவத் தேர்வு வந்தது. இருவரும் செல்லவில்லை, ஏனையோரும் நினைக்கவில்லை. பத்து நாள் மருந்து தவறிற்று. மீண்டும் யாம் கண்டபோது அவன் கதவின் பின் ஒடுங்கியிருந்தான். அன்னை எம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று. நல்லெண்ணத்திற்குத் தேர்வுக்காலம் உண்டு, நோய்க்கு இல்லை.

மாணவ நண்பர்காள்! நாம் செய்யத்தக்கவையும் உள. 'பைத்தியம்' என்னும் சொல்லை விளையாட்டிற்கும் வழங்காதிருப்போமாக. விடுதியில் உறக்கமின்றித் துன்புறும் தோழனை எள்ளாது அருகமர்ந்து கேட்போமாக. 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியை அவனுக்கு அறிவிப்போமாக. ஏற்றுக்கொண்ட நோயாளியை இடையில் விடாதிருப்போமாக. எனினும் நம் தொண்டு ஒரு நிலையான ஏற்பாட்டிற்கு ஈடாகாது என்பதையும் ஆள்வோர்க்கு இடைவிடாது எடுத்துரைப்போமாக. மருத்துவனும் மருந்தும் உள்ள நகரில் உழைச்செல்வான் ஒருவன் இன்மையால் ஓர் இளைஞன் கதவின் பின் ஒடுங்கிக் கிடத்தல் நமக்கெல்லாம் நாணுத்தகுவதன்றோ?